குளத்தில் படகு விடலாமா?

நுவரெலியா வாவியில் சவாரி போய்விட்டு ஏ9 வழியாகத் திரும்பும் வன்னிச் சனம், கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துப் பக்கம் வந்ததும் கேட்கிற கேள்வி இது. சுலபமான கேள்விபோலத்தான் தெரிகிறது.

சித்திரை விடுமுறைக் காலம். காலை ஒன்பது மணியாகியும் நுவரெலியாவில் மூட்டம் முழுதாகக் கலையவில்லை. கிரகரி வாவிக் கரையில் வரிசையாக நிற்கும் பஸ்களில் இரண்டு மூன்றின் முன்கண்ணாடியில் முறிகண்டிப் பிள்ளையார் படம். கிளிநொச்சியில் இரவு ஏறி, கண்டி தாண்டி, றம்பொடை வளைவுகளில் சத்தியெடுத்துக் களைத்த பிள்ளைகள், முதல்நாள் வரை போட்டுப் பழகாத கம்பளிச் சட்டைக்குள் குறண்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அன்னப்பட்சிப் படகு ஒன்று கரை தட்டுகிறது. தூரத்தில் ஜெட் ஸ்கீ ஒன்று வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போகிறது. சோளம் அவிக்கும் அடுப்பிலிருந்து புகை.

“அப்பப்பா, ஏறுங்கோவன்!”

அப்பப்பா ஏறவில்லை. காதை மூடி மப்ளர் கட்டியிருக்கிறார். தண்ணீரின் அந்தத் தலையிலிருந்து இந்தத் தலைவரை ஒருதரம் பார்த்துவிட்டு, “இதின்ர துரிசு எங்க கிடக்கு? எந்த வயலுக்குப் பாயுது?” என்கிறார்.

“வயலுக்கில்லை அப்பப்பா. இது சும்மா பாக்கிறதுக்கு.”

“சும்மா பாக்கிறதுக்கோ இவ்வளவு தண்ணி?”

வன்னியிலிருந்து மலைநாட்டுக்குச் சுற்றுலாப் போகும் எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு பெரியவர் இருப்பார். அவரை நாங்கள் பகிடி பண்ணிவிட்டுப் படகேறிவிடுவோம். ஆனால் படகை எங்கள் குளங்களுக்குக் கொண்டுவரவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் பதில் சொல்லவேண்டியிருப்பது அவருடைய கேள்விக்குத்தான்.

ஒரே ஆளுநர், இரண்டு தண்ணீர்

கிரகரி வாவி இயற்கையான ஏரி அல்ல. பிதுருதலாகல மலையிலிருந்து இறங்கும் தலகல ஓயாவை மறித்து, ஊருக்கு நடுவே கிடந்த சதுப்பு நிலத்தை மூழ்கடித்து 1873இல் உருவாக்கியது. செய்வித்தவர் அப்போதைய ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி. வெக்கையிலிருந்து தப்பிக் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறிவந்த வெள்ளைக்காரர் உலாவவும் படகோட்டவும் ஒரு நீர்ப்பரப்பு வேண்டியிருந்தது. 1913இல் அந்தத் தண்ணீரைச் சுரங்கம் வழியாக பிளாக்பூல் மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். மிச்சம் நானுஓயாவில் விழுந்து, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து, மகாவலிக்குப் போகிறது.

அப்பப்பாவின் கேள்விக்கு இதுதான் பதில். பாயும் வயல் ஏதும் அருகில் இல்லை. கடைசியில் மகாவலி பாயும் நிலங்களில் எங்கோ சேரும். அந்த மகாவலித் தண்ணீர் வன்னிக்கு வரும் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்! முல்லைத்தீவில் மணலாற்றுப் பக்கம் 1988இல் மகாவலி ‘எல்’ வலயம் என்று வர்த்தமானி வந்தது, காணிகள் கை மாறின, தண்ணீர் மட்டும் வரவில்லை. அது தனிக் கதை. இன்னொரு இதழுக்கு வேண்டியது.

கிரகரியின் கதையில் வன்னிக்காரர் கவனிக்கவேண்டிய இன்னொரு பக்கம் உண்டு. வாவி உருவான அதே 1873இல்தான் அவர் வடக்கு மாகாணத்திலிருந்து நுவரகலாவியாவைப் பிரித்து வடமத்திய மாகாணத்தை உண்டாக்கினார். தூர்ந்துகிடந்த வறண்ட வலயக் குளங்களைத் திருத்துவது அவருடைய பெரிய திட்டம். மலையில் கண்ணுக்கு ஒரு தண்ணீர், கீழே வயிற்றுக்கு ஒரு தண்ணீர் என்று இரண்டையும் ஒரே ஆள், ஒரே காலத்தில், தனித்தனியாக வைத்தே திட்டம் போட்டிருக்கிறார். இரண்டையும் ஒன்றாகக் குழைக்கும் யோசனை எங்கள் காலத்தில்தான் வந்திருக்கிறது.

மலை வாவிகள் எல்லாம் பார்க்க அழகு. அடியில் கிடப்பது வேறு. 1960களின் இறுதியில் மவுசாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கோடையில் நீர் இறங்கினால் அந்தக் காலத்துக் கோவில் இன்றும் வெளியே தெரிகிறது. ஆட்கள் போய்ப் படமெடுக்கிறார்கள். மலையோடு வன்னிக்குச் சொந்தமும் உண்டு. 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு நுவரெலியாப் பயணம் வெறும் சுற்றுலா இல்லை; சொந்தக்காரரின் லயத்தில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, அதன்பிறகுதான் வாவிக்கரை.

பெட்டிச் செய்தி: நாங்கள் படகேறும் மலை வாவிகள்

*கிரகரி வாவி, நுவரெலியா:* 1873. பொழுதுபோக்குக்காகவே உருவானது. மிதிபடகு, விசைப்படகு, ஜெட் ஸ்கீ.

*ஊட்டி ஏரி:* 1820களில் ஜோன் சல்லிவன் உருவாக்கியது. 1973 முதல் படகு இல்லம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம்.

*கொடைக்கானல் ஏரி:* 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கியது. நட்சத்திர வடிவம்.

*தேக்கடி:* பென்னிகுயிக் கட்டி 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். சவாரி கேரளத்தில், தண்ணீர் பாய்வது தேனி, மதுரை, இராமநாதபுர வயல்களுக்கு.

தண்ணீர் பச்சையாகும் விதம்

கிரகரி வாவி பல தடவை பச்சைப் பாசி பிடித்து நாறியிருக்கிறது. படகுதான் காரணம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். அது நியாயமும் இல்லை. சுற்றியுள்ள சரிவுகளில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் தோட்டங்கள். அங்கே போடும் உரம் மழையோடு இறங்கி வாவிக்குள் வருகிறது. நகரத்துக் கழிவுநீரும் வருகிறது, மண்ணும் வருகிறது. ஆழம் குறைந்து சத்துக் கூடினால் பாசி பெருகும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனைத் தின்னும். பிறகு மீன் மிதக்கும்.

படகுக்கு அதில் பங்கு இல்லை என்றும் சொல்லமுடியாது. படகு வந்தால் கரையில் கடை வரும், கடையோடு மலசலகூடம் வரும், குதிரைச் சவாரி வரும், வாகனத் தரிப்பிடத்துக்காகக் கொஞ்சம் நிலம் நிரப்புவார்கள். தண்ணீரின் மேலே ஓடுவதைவிடக் கரையில் ஏறி உட்காருவதுதான் அதிகம் கெடுக்கிறது. பழைய இரண்டு வீச்சு இயந்திரங்கள் எரியாத எண்ணெயைத் தண்ணீருக்குள்ளேயே துப்பும் என்பது கடலோரத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கொடைக்கானலில் இன்னும் மோசம். அங்கே இருந்த வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவு விவகாரத்தால் 2001இல் மூடப்பட்டது. பிறகு செய்த ஆய்வுகளில் ஏரி மீன்களிலும் பாதரசம் தெரிந்தது. ஏரிக்குமேல் படகுகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. சவாரி போகிறவனுக்கு அடித்தண்ணீர் தெரியாது. அதில் பிடித்த மீனைத் தின்பவனுக்குத்தான் அது விசயம். கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வாகனங்கள் இ-பாஸ் எடுக்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அழைத்து அழைத்துக் கூட்டிய சனத்தை, வாசலில் நின்று எண்ணவேண்டிய நிலை.

எங்களிடமும் உதாரணம் இருக்கிறது, தூரம் போகத் தேவையில்லை. வவுனியா நகரத்துக் குளத்தின் ஓரத்தை நிரப்பிச் சுற்றுலா மையம் அமைத்தபோது அதை எதிர்த்து ஊரே பேசியது. அங்கே சனம் சண்டை பிடித்தது அலைகரை மண்ணுக்காக. குளத்தின் ஓரம் ஒருதரம் மேடாகிவிட்டால் அதைத் திரும்பக் குளமாக்கின வரலாறு எங்கள் ஊரில் மிகக் குறைவு.

ஒரு பக்கம் சாயும் நேரம்

2009 செப்டெம்பர் 30. தேக்கடியில் பின்னேரச் சவாரி. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்னிகா’ இரண்டு தட்டுப் படகு, புதுசு. கரையில் காட்டு விலங்குகள் தெரிகின்றன என்றதும் மேல்தட்டில் இருந்தவர்கள் பார்க்க ஒரு பக்கத்துக்கு நகர்ந்தார்கள். படகு அந்தப் பக்கமே சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு அங்கி போட்டிருக்கவில்லை. கீழ்த்தட்டில் இருந்தவர்களுக்கு வெளியே வரவே வழி கிடைக்கவில்லை.

இதன் பொறிமுறை வைக்கோல் வண்டி ஓட்டியவனுக்குப் புரியும். பாரம் மேலே போகப்போக, சின்னப் பள்ளமும் வண்டியைக் கவிழ்க்கும். படகில் பாரம் என்பது ஆட்கள். அந்தப் பாரம் தானாக எழுந்து நடக்கும். யானை தெரிந்தால் நடக்கும், மழை அடித்தால் நடக்கும், செல்ஃபிக்கு நடக்கும். ஆகவே எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்கைவிட, ஏறியவர்கள் எழுந்து நிற்கமுடியாதபடி இருக்கை எப்படி அமைந்திருக்கிறது, மேல்தட்டு என்று ஒன்று தேவையா என்பதுதான் முதல் கேள்வி. தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

2023 மே 7, அதே கேரளத்தில் தானூர். உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் பெண்களும் பிள்ளைகளும். விசாரணையில் தெரிந்தது: அது மீன்பிடிப் படகாக இருந்து, மேல்தட்டுப் போட்டு உருமாற்றியது. மீன் பிடிக்கும் வள்ளத்துக்கு அதன் வேலைக்கேற்ற உடல். வலை, மீன், ஐஸ் எல்லாம் அடியில் பாரமாக இருக்கும்போது அது நிதானமாக நிற்கும். அதன் தலையில் கொட்டகை போட்டு ஆட்களை ஏற்றினால் அது வேறு படகு. எங்கள் குளத்து மீனவர் கையால் சவாரி நடக்கவேண்டும் என்று இந்தக் கட்டுரை பின்னால் சொல்லப்போகிறது. அப்படிச் சொல்கிறவர் தானூரை மறைத்துவிட்டுச் சொல்லக்கூடாது.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணி. பாலம் புதிதாகக் கட்டுவதால் தற்காலிகமாக ஓடிய படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பிறகு எண்ணிக்கை கூடியது. அது உல்லாசச் சவாரி இல்லை, அன்றாடப் போக்குவரத்து. ஆனால் சம்பவத்துக்குப் பிறகு கேட்ட கேள்விகள் அதேதான்: அனுமதி யார் கொடுத்தது, யார் பரிசோதித்தது, ஏன் அங்கி இல்லை. பிரதேச சபை, நகர சபை, வீதி அபிவிருத்தி, கடற்படை என்று ஒவ்வொரு வாசலாகக் கேள்வி போனது.

இரணைமடுவில் ஒரு படகு ஓடினால் அந்த வாசல்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தினுடையது. மீன், நக்டா எனும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபையின் பொறுப்பு. கரையில் கடை போட்டால் பிரதேச சபை. சுற்றுலா என்றால் மாகாணச் சுற்றுலாப் பணியகம். கூட்டம் கூடினால் பொலிஸ். இவ்வளவு பேரில் ‘இன்றைக்குக் காத்து கூட, படகு எடுக்காதே’ என்று காலையில் கரையில் நின்று சொல்லும் ஒரு ஆள் யார்? அந்த ஆளின் பெயர் தெரியாமல் முதல் ரிக்கற் விற்கக்கூடாது.

பெட்டிச் செய்தி: பிள்ளையோடு படகேறும் முன்

பெரியவர் அங்கி பிள்ளையைக் காப்பாற்றாது. தலை வழியாகக் கழன்றுவிடும். பிள்ளை அளவில் இல்லையென்றால் ஏறவேண்டாம்.

அங்கி இருக்கையின் கீழே கிடந்தால் போதாது. வார் பூட்டி உடம்பில் இருக்கவேண்டும்.

ஓட்டுநர் ஆட்களை எண்ணுகிறாரா என்று பாருங்கள். எண்ணாவிட்டால் நீங்கள் எண்ணுங்கள்.

வண்ணத் தகடும் திரைச்சீலையும் கட்டி மூடிய படகு கவிழ்ந்தால் வெளியேற வழியில்லை.

காற்று எழும்பினால் காசு திருப்பித் தராவிட்டாலும் இறங்கிவிடுங்கள்.

“இப்ப எத்தினை அடி?”

வன்னியில் மழைக்காலத்தில் இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரித்த கையோடு வரும் கேள்வி இது. இரணைமடு எத்தனை அடியில் நிற்கிறது என்பது. 36 அடி நிறைமட்டம். அந்த எண்ணை வைத்துத்தான் அந்த வருடத்துச் சிறுபோகம், அதை வைத்துத்தான் அடகு மீட்பது, அதை வைத்துத்தான் மகளின் கலியாணம்.

வவுனியா மாவட்டத்துச் சேமமடுப் பக்கம் தொடங்கி, முல்லைத்தீவுக் காடுகள் வழியாக வந்து, கிளிநொச்சியில் கட்டுக்குள் நிற்கிறது கனகராயன் ஆறு. 1902இல் தொடங்கிய குளவேலை 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. அதன்பிறகு பல தடவை கட்டை உயர்த்திக் கொள்ளளவைக் கூட்டினார்கள். இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் நெல். ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு அரசாங்க அதிபர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டம். கமக்காரர் அமைப்புகள், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவைகள் உத்தியோகத்தர் எல்லோரும் உட்கார்ந்து, காலபோகத்துக்குப் பிறகு மிச்சமிருக்கும் தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் சிறுபோகம் என்று தீர்மானிப்பார்கள். எல்லாருக்கும் முழுக் காணிக்கும் தண்ணீர் கிடைக்காத வருடங்களில் பங்கு வைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் குரல் உயராமல் முடிந்த போகம் அபூர்வம்.

இந்தத் தண்ணீர் மீது கமக்காரருக்கு எவ்வளவு பிடிப்பு என்பதை யாழ்ப்பாணத்துக் குடிநீர்த் திட்டம் காட்டியது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில், இரணைமடுத் தண்ணீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் யோசனை வந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தச் சனத்தின் குடிநீர். அப்படியிருந்தும் “எங்களுக்கே காணாது” என்றார்கள். கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். குடிநீருக்கே மறுத்த இடத்தில், படகு மிதக்கவேண்டும் என்பதற்காக இன்னும் இரண்டு அடி தண்ணீரைக் குளத்தில் விட்டுவையுங்கள் என்று யாராவது கேட்டுப் பார்க்கட்டும். இன்று யாரும் அப்படிக் கேட்கவில்லை. முதலீடு போட்டவன், கடன் வாங்கியவன், படகுத்துறை கட்டியவன் நாளைக்குக் கேட்பான். என் பயம் அதுதான்.

மறுபக்கமும் இருக்கிறது. 2018 டிசெம்பர் 7இல், திருத்தி உயர்த்திய இரணைமடுவை அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன வந்து திறந்தார். இரண்டு வாரம் கழித்து, 21ஆம் திகதி இரவு கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. வான்கதவுகளை உரிய நேரத்தில் திறந்தார்களா என்பது விசாரணை வரை போனது. கதவு திறக்கும் நேரத்தை மழையும் ஆற்றுவரத்தும்தான் தீர்மானிக்கவேண்டும். குளத்தைக் கொஞ்சம் நிரப்பியே வைத்திருந்தால் பார்க்க நல்லது என்ற ஆசை அந்தத் தீர்மானத்துக்குள் ஒரு அங்குலம் கூட நுழையக்கூடாது.

வான் பாயும் நாட்களில் இரணைமடுவில் திருவிழாக் கூட்டம்தான். கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் கட்டில் ஏறி, கச்சான் பைக்கற்றோடு கதவுகளின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு யாழ்ப்பாணத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். அதற்கு ஒரு சதமும் முதலீடு போட்டதில்லை. குளிக்க இறங்காமல் தடுக்க ஒரு கம்பிவேலி, ஒரு சுத்தமான மலசலகூடம், குப்பை போட நாலு தொட்டி. படகுக்கு முன்பு வரவேண்டியவை இவை.

மீனுக்கும் ஒரு கரை வேண்டும்

குளத்து மீன்பிடிச் சங்கங்களுக்கும் இந்தத் தண்ணீரில் உரிமை உண்டு. திலாப்பியா இந்த நாட்டுக்கு 1950களில் வந்தது. இன்று வன்னிக் குளங்களின் பிரதான மீன் அது. நக்டா விடும் நன்னீர் இறால் குஞ்சுகள் வளர்ந்தால் நல்ல விலை போகும். திலாப்பியா கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் மணலைக் குழி தோண்டித்தான் கூடு வைக்கும். விசைப்படகு எழுப்பும் அலை முதலில் போய் மோதுவது அந்த இடத்தில்தான். அடுத்தது குளக்கட்டு. கல் அடுக்கிய மண் கட்டுக்குக் காற்றலையே போதாதென்று இயந்திர அலையையும் கொடுத்தால் திருத்தச் செலவு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தலையில்.

வலைகளும் இருக்கின்றன. இரவு போட்டு விடியக் களட்டும் செவுள் வலையில் படகின் சுழலி சிக்கினால், வலையும் போச்சு, படகும் நடுக்குளத்தில் நிற்கும். அடியில் பட்டமரக் குற்றிகள். தேக்கடியில் தண்ணீருக்கு வெளியே தெரியும் அந்தக் கறுத்த மரங்களை ஆட்கள் படம் எடுக்கிறார்கள், எங்கள் குளங்களில் பல தண்ணீருக்குக் கீழே நிற்கின்றன. எந்த இடத்தில் எந்தக் குற்றி என்று வள்ளக்காரனுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து வந்த ஓட்டுநருக்குத் தெரியாது. முதலையும் உண்டு.

எல்லாத் தண்ணீரிலும் இல்லை

வன்னிக்குச் சுற்றுலா எப்படி வந்தது என்பதை மறக்கக்கூடாது. 2009இல் போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் பார்த்தது எங்கள் வயலையோ குளத்தையோ அல்ல. கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, பக்கத்திலே நினைவுப்பொருள் கடை. கரைதட்டிய பாரா கப்பல். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் புலிகளின் நீச்சல் தடாகம். சொந்த வீடு இல்லாமல் தகரக் கொட்டிலில் இருந்த சனம், தங்கள் அழிவைப் பார்க்க வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நந்திக்கடல் ஓரத்தில் 2012இல் இராணுவம் ஒரு விடுதியையும் திறந்தது.

நந்திக்கடலில் சவாரி விடலாமே, தண்ணீர் அமைதி, பறவைகள் அதிகம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பறவைகள் உண்டு. 2017இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கங்களாகப் பிரகடனமாயின. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. அந்தச் சட்டங்கள் மட்டுமே போதும், விசைப்படகைத் தடுக்க. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. 2009 மே மாதத்தில் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி நடந்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். கூட வந்து கரையேறாதவர்களைத் தேடிக்கொண்டும் இருக்கிறார்கள். அங்கே பாட்டுப் போட்டு ஒரு உல்லாசப் படகு போவதை யோசிக்கவே முடியவில்லை. ‘காலம் மாறும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும்’ என்று எதிர்வாதம் வரும். வேலை வேண்டும்தான். அந்த வேலையைத் தேட வன்னியில் வேறு தண்ணீர் இருக்கிறது.

துடுப்பால் ஓடும் கிராமம்

நுவரெலியா போகும் எங்கள் பஸ்கள் ஏ9ஐ விட்டு விலகி எட்டிப் பார்க்காத ஒரு இடம் ஹபரணை. அங்கே ஹிரிவடுன்னக் குளத்தில் வெளிநாட்டுக்காரர் படகேறுகிறார்கள். இரண்டு தோணிகளை இணைத்து, நடுவே பலகை போட்டு, நாலைந்து பேர் உட்காரும் கட்டுமரம். இயந்திரம் இல்லை. துடுப்புப் போடுவது ஊர்க்காரர். அல்லியும் தாமரையும் விலக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனால் ஒரு கொட்டில், குரக்கன் ரொட்டி, தேங்காய்ச் சம்பல். தோணிக்காரருக்கும் சமைக்கிற அம்மாவுக்கும் காசு சேர்கிறது. இரட்டைத் தோணி அகலமானது. ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்வது கடினம். நீர் வற்றினால் தோணியைக் கரையில் இழுத்து வைத்துவிட்டு வயலுக்குப் போவார்கள். கடன் இல்லை, ஆகவே தண்ணீரை மறித்துவை என்று கேட்கவும் தேவையில்லை.

கிழக்கே அம்பாறையில் சேனநாயக்க சமுத்திரம் நெல்லுக்கான பெரிய நீர்த்தேக்கம். கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் படகிலிருந்து பார்க்கலாம். அங்கே விசைப்படகு ஓடுகிறது, ஆனால் வனசீவராசிகள் திணைக்களத்தின் கட்டுப்பாட்டுக்குள். பாசனக் குளமும் சவாரியும் ஒன்றாக இருக்கமுடியும் என்பதற்கு இந்த இரண்டு இடங்களும் சாட்சி.

வன்னியில் தொடங்குவதானால் இரணைமடுவை விட்டு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற இடங்களில், மீன்பிடிச் சங்கத்தின் கையில், துடுப்போடு, ஒரு தட்டில் தொடங்கலாம். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரருக்கு முன்பாக வைத்து, எந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் சவாரி நிற்கும் என்று எழுதிக்கொள்ளவேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டில் படகுக்கு இடம் இல்லை, மிஞ்சிய தண்ணீரில்தான் ஓட்டம் என்பதும் அந்தக் கூட்டத்து அறிக்கையில் இருக்கவேண்டும்.

இனி நாட்காட்டி. படகுத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காதது இதைத்தான். புலம்பெயர்ந்த சனம் பிள்ளைகளோடு வருவது ஆடி, ஆவணியில். கனடாவிலும் ஐரோப்பாவிலும் அப்போதுதான் விடுமுறை, இங்கே நல்லூர்த் திருவிழா. காசு வரும் காலம் அது. ஆனால் அந்த நேரம் சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய்க் குளம் இறங்கிக் கிடக்கும், அலைகரையில் சேறு, சோளகம் சுழற்றி அடிக்கும். குளம் நிறைந்து அழகாக இருக்கும் மார்கழி, தையில் வாடைக்காற்றும் மழையும்; வான்கதவுகள் எப்போது திறக்கும் என்று தெரியாது; கதவுப் பக்கம் இழுவை. மிஞ்சுவது மாசி பிற்பகுதியிலிருந்து சித்திரை வரை. தண்ணீர் இருக்கும், காற்று அடங்கியிருக்கும், பாடசாலை விடுமுறையும் வரும். இரண்டு, இரண்டரை மாத உழைப்பில் ஒரு விசைப்படகின் வங்கிக் கடனைக் கட்டமுடியாது. முத்தையன்கட்டில் ஏற்கெனவே நிற்கும் வள்ளங்களில் இரண்டை இணைத்துப் பலகை போட, பிள்ளை அளவு அங்கிகளோடு சேர்த்து, ஒரு மீன்பிடிச் சங்கத்தின் சேமிப்பே போதும்.